மார்பகத்தின் அமைப்பு: பெண்ணிலும் ஆணிலும்

இதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் படங்கள் பள்ளிப் பாடநூல்களில் தவறாது இடம்பெறுகின்றன. மார்பகத்தின் உட்புறப் படம் அவற்றில் அரிதாகவே காணப்படும். கூச்சம் காரணமாக ஆசிரியர் அதைப் பற்றிப் பேசுவதில்லை, மாணவரும் வினவுவதில்லை. அதன் பயனாக, வளர்ந்த பின்னரும் பெரும்பாலோர் அவ்வுறுப்பைப் பற்றி அறிவது வெளித்தோற்றத்தை மட்டுமே. ஆணுக்கும் மார்பகத் திசு உண்டு என்பதைக் கற்றவருள்ளும் பலர் அறிந்திலர்.

இந்த அறியாமைக்கு விலை உண்டு. பெங்களூரில் 1973-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் திட்டத்தின்கீழ், நகர மக்களிடையே தோன்றும் புற்றுநோய்கள் 1982 முதல் பதிவு செய்யப்பட்டு வருகின்றன. தொடக்க ஆண்டுகளில் பெங்களூர்ப் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோயே முதலிடம் பெற்றிருந்தது. பின்னர் அது படிப்படியாகக் குறைய, மார்பகப் புற்றுநோய் முதலிடத்திற்கு வந்தது. இத்தகைய பதிவுகளைத் தொகுக்கும் தேசிய நோய்த் தகவலியல் ஆராய்ச்சி மையமும் பெங்களூரிலேயே அமைந்துள்ளது. அது 2020-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2012 முதல் 2016 வரை மருத்துவமனைப் பதிவேடுகளில் இடம்பெற்ற மார்பகப் புற்றுநோயாளிகளுள் நூற்றுக்கு 57 பேருக்கு, நோய் அறியப்பட்டபோதே அது மார்பகத்தைக் கடந்து அண்மைத் திசுக்களுக்கோ நிணநீர்க் கணுக்களுக்கோ பரவியிருந்தது. சிறு கட்டியாக இருந்த நாளில் அதைக் கண்டுகொள்ளத் தவறியதே இதற்குப் பெருங் காரணமாகும்.

ஓர் உறுப்பின் இயல்பு நிலையை அறியாதவர், அதன் மாறுதலை அறிய இயலாது. ஆகவே, ஊர்களிலும் நகரின் தெருக்களிலும் பணிபுரியும் சுகாதார ஊழியரும், உடலியல் கற்பிக்கும் ஆசிரியரும் மார்பகத்தின் அமைப்பைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

இருப்பிடமும் எல்லையும்

வளர்ந்த பெண்ணின் மார்பகம், இரண்டாம் விலா எலும்பு முதல் ஆறாம் விலா எலும்பு வரை மேலும் கீழுமாகப் பரந்துள்ளது. உட்புறத்தில் மார்பெலும்பின் ஓரமும், வெளிப்புறத்தில் அக்குளின் நடுவிலிருந்து நேர்கீழாக இறங்கும் கோடும் அதன் எல்லைகளாகும். அதன் பெரும்பகுதி பெரிய மார்புத் தசையின்மேல் அமர்ந்திருக்கிறது. தசைக்கும் மார்பகத்துக்கும் இடையே தளர்ந்த திசுவாலான மெல்லிய இடைவெளி உண்டு. அதனாலேயே இயல்பான மார்பகம் தசையின்மேல் எளிதாக நகர்கிறது. நகர வேண்டிய உறுப்பு நகராமல் தசையுடன் ஒட்டிக்கொண்டிருப்பின், அது கவனிக்கத்தக்க குறியாகும்.

மேற்கூறிய எல்லைகளுக்குள் அடங்காத பகுதியும் ஒன்று உண்டு. மார்பகத்தின் மேல்-வெளிப்புற மூலையிலிருந்து சுரப்பித் திசு ஒரு வால் போல நீண்டு, அக்குளுக்குள் செல்கிறது. மகப்பேற்றுக்குப் பின் பால் கட்டும் நாட்களில் சில தாய்மார்களுக்கு அக்குளில் வீக்கமும் வலியும் தோன்றுவதற்கு இவ்வாலும் ஒரு காரணம். சுரப்பித் திசு மேல்-வெளிப்புறக் காற்பகுதியிலேயே மிகுந்திருப்பதால், புற்றுநோயும் அங்கேயே மிகுதியாகத் தோன்றுகிறது. அக்குளைத் தொட்டுப் பாராத சோதனை அரைகுறைச் சோதனையே என்பது இதனால் விளங்கும்.

உள்ளமைப்பு

மார்பகம் மூவகைத் திசுக்களால் ஆனது. முதலாவது, பாலைச் சுரந்து வெளிக்கொணரும் சுரப்பித் திசு. இரண்டாவது, அதைத் தாங்கி நிற்கும் நார்த்திசு. மூன்றாவது, இடைவெளிகளை நிரப்பி வடிவம் தரும் கொழுப்பு. இவை கலந்திருக்கும் அளவு பெண்ணுக்குப் பெண் வேறுபடும்; ஒரே பெண்ணுக்கும் வயதிற்கேற்ப வேறுபடும்.

சுரப்பித் திசு மடல்களாகப் பிரிந்துள்ளது. ஒவ்வொரு மடலும் பல சிறுமடல்களைக் கொண்டது. ஒவ்வொரு சிறுமடலிலும் பாற்பைகள் எனப்படும் நுண்ணிய அறைகள் நிறைந்துள்ளன. பெங்களூரைச் சூழ்ந்த வட்டாரங்களில் விளையும் நீலத் திராட்சையின் குலை இதற்கு நல்ல உவமை. பழங்கள் பாற்பைகள், பழங்களைத் தாங்கும் சிறு காம்புகள் நுண்குழாய்கள், குலையின் தண்டு பால்நாளம். பல குலைகளை ஒரே இடத்தில் தண்டுகளைச் சேர்த்துப் பிடித்தால், தண்டுகள் கூடுமிடம் மார்புக் காம்பு ஆகும். வகுப்பறையில் இதை ஒரு குலையைக் கொண்டே காட்டிவிடலாம். ஆயினும் உவமைக்கு ஓர் எல்லை உண்டு: குலைகள் தனித்தனியே பிரிந்து தொங்கும், மார்பகத்தின் மடல்களோ ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அறுவை செய்வோருக்கும் அவற்றின் எல்லைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நுண்குழாயின் கடைக்கோடியும் அதனோடு சேர்ந்த சிறுமடலும் ஓர் அலகாகக் கருதப்படுகின்றன. மார்பகப் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை இவ்வலகிலேயே தொடங்குகின்றன.

நார்த்திசுவின் இழைகள் தோலுக்கும் ஆழ்ந்த தசையுறைக்கும் இடையே கயிறுகள் போலச் சென்று மார்பகத்தைத் தாங்குகின்றன. இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் இவற்றை விரிவாக விவரித்ததால், இவை கூப்பரின் தாங்கு நார்கள் என்று வழங்கப்படுகின்றன. வயதாகும்போது இவை தளர்வதால் மார்பகம் தாழ்கிறது, இது நோயன்று. ஆனால் உள்ளே வளரும் ஒரு கட்டி இந்நார்களைப் பற்றி இழுத்தால், நாரின் மறுமுனையிலுள்ள தோல் உள்வாங்கி, ஒரு சிறு குழி தோன்றும். கைகளை உயர்த்தும்போது அக்குழி தெளிவாகத் தெரியும். கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்னரே இக்குழி கண்ணுக்குத் தெரிவதுண்டு.

காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் சிறு புடைப்புகள் காணப்படும். இவை எண்ணெய்ப்பசை சுரந்து தோலை மென்மையாக வைக்கும் சுரப்பிகளாகும். கருவுற்ற காலத்தில் இவை பெரிதாகத் தெரியும். இவற்றைக் கொப்புளம் எனக் கருதிக் கிள்ளுதலும், சோப்பிட்டு அழுத்தித் தேய்த்தலும் தவறு.

பழைய படமும் புதிய படமும்

ஆஸ்ட்லி கூப்பர், இறந்த பெண்களின் பால்நாளங்களுக்குள் வண்ண மெழுகைச் செலுத்தி அவற்றின் போக்கை ஆராய்ந்து, 1840-இல் படங்களுடன் நூல் வெளியிட்டார். அதன் வழிவந்த படங்களே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பாடநூல்களில் இருந்து வந்தன. ஒவ்வொரு மார்பகத்திலும் 15 முதல் 20 பால்நாளங்கள் காம்பில் திறக்கின்றன என்றும், கருவட்டத்தின் அடியில் ஒவ்வொரு நாளமும் பை போல விரிந்து பாலைச் சேமிக்கிறது என்றும் அவை கற்பித்தன.

2005-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பாலூட்டும் 21 தாய்மார்களின் மார்பகங்களைக் கேளா ஒலிக் கருவியால் ஆராய்ந்தனர். உயிருள்ள, பால் சுரக்கும் உறுப்பில் கண்ட காட்சி பழைய படத்தினின்று வேறுபட்டிருந்தது. முதன்மை நாளங்கள் சராசரியாக ஒன்பதே இருந்தன; நான்கு முதல் பதினெட்டு வரை வேறுபாடு காணப்பட்டது. கருவட்டத்தின் அடியில் சேமிப்புப் பைகள் காணப்படவில்லை. நாளங்கள் தோலுக்கு மிக அண்மையில் இருப்பதும், எளிதில் அழுந்தக்கூடியவையாக இருப்பதும் தெரியவந்தன.

இத்திருத்தம் வெறும் எண்ணிக்கை பற்றியதன்று. பால் காம்பின் பின்னால் தேங்கி நிற்பதில்லை. அது பாற்பைகளிலேயே இருக்கிறது. தாயின் உடல் அதை விடுவித்தால்தான் அது வெளிவரும். மேலும், இறுகிய உள்ளாடையோ அழுத்திய விரலோ நாளத்தை நசுக்கிப் பாலோட்டத்தைத் தடுக்க இயலும். பழைய சுவர்ப்படங்களை வைத்துக் கற்பிக்கும் ஊழியர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

பால் சுரக்கும் விதம்

பாற்பையின் உட்சுவரிலுள்ள செல்கள் இரத்தத்திலிருந்து நீர், சர்க்கரை, புரதக் கூறுகள், கொழுப்பு ஆகியவற்றைப் பெற்றுப் பாலாக்குகின்றன. பாற்பையின் வெளிப்புறத்தைச் சுருங்கும் தன்மையுள்ள செல்கள் வலை போலச் சூழ்ந்துள்ளன.

குழந்தை உறிஞ்சும்போது காம்பிலுள்ள நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை வெளியிடுகிறது. புரோலாக்டின் பாலைச் சுரக்கச் செய்கிறது. ஆக்சிடோசின் சூழ்ந்துள்ள செல்களைச் சுருக்கிப் பாலை நாளங்களுக்குள் தள்ளுகிறது. வலி, அச்சம், மனக்கலக்கம் ஆகியவை ஆக்சிடோசினின் வேலையைத் தடை செய்யலாம். "பால் வற்றிவிட்டது" எனக் கலங்கும் தாய்க்குப் பெரும்பாலும் பால் வற்றியிருப்பதில்லை, இறங்காமல் இருக்கிறது. அவளுக்கு வேண்டியது புட்டிப்பால் அன்று. அமைதியும், குழந்தையைச் சரியாகப் பிடித்து அடிக்கடி பாலூட்ட உதவியுமே ஆகும்.

மார்பகத்தின் வெளியளவைப் பெரிதும் தீர்மானிப்பது கொழுப்பு. பால் தருவதோ சுரப்பித் திசு. எனவே, சிறிய மார்பகமுள்ள பெண்ணுக்குப் பால் போதாது என்னும் கூற்று அடிப்படையற்றது. குழந்தை பிறந்தவுடன் கிடைக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பிழிந்து கொட்டுவதும் அறியாமையே. நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்த அப்பால், முதல் தடுப்பு மருந்துக்கு ஒப்பாகும்.

குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பாலின் தேவை இன்னும் மிகுதி. ஒரு தாயின் மிகுதிப் பாலைப் பதப்படுத்தி, அது கிடைக்காத குழந்தைக்கு வழங்கும் பால் வங்கி 1989-இல் மும்பையின் சயன் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. பெங்களூரின் அரசு வாணி விலாஸ் மருத்துவமனையிலும் 2022-இல் இத்தகைய வங்கி அமைக்கப்பட்டது.

இரத்தமும் நிணநீரும்

மார்பெலும்பின் உட்புறமாக இறங்கும் தமனியின் கிளைகளும், அக்குளிலிருந்து வரும் தமனியின் கிளைகளும், விலா எலும்புகளுக்கிடையே செல்லும் தமனிகளும் மார்பகத்திற்கு இரத்தத்தைத் தருகின்றன. தோலுக்கு உணர்வு தருபவை விலாவிடை நரம்புகள்.

நிணநீரின் போக்கே நடைமுறையில் அதிக முக்கியத்துவம் உடையது. திசுக்களிடையே கசியும் நீரை வடித்துச் செல்லும் நுண்நாளங்கள், மார்பகத்தின் நிணநீரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை அக்குளிலுள்ள கணுக்களுக்குக் கொண்டு செல்கின்றன. எஞ்சியதில் பெரும்பகுதி மார்பெலும்பை ஒட்டிய கணுக்களைச் சேர்கிறது. புற்றுநோய்ச் செல்கள் மார்பகத்தை விட்டு வெளியேறும்போது முதலில் செல்லும் வழி பெரும்பாலும் இதுவே. அக்குளில் "நெறி கட்டியிருக்கிறது" என்று ஒரு பெண் சொன்னால், கையிலோ விரலிலோ புண் உள்ளதா என்று பார்ப்பதோடு, அப்பக்கத்து மார்பகத்தையும் சோதிக்க வேண்டும்.

தோலின் நிணநீர் நாளங்கள் கட்டியால் அடைபட்டால், அங்கே நீர் தேங்கித் தோல் தடிக்கும். மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் உள்ள இடங்கள் மட்டும் மேலெழாமல் புள்ளிக் குழிகளாக நிற்கும். இதனால் தோல் ஆரஞ்சுப்பழத் தோலைப் போலத் தோன்றுகிறது. இது காலங்கடந்த குறியாகும். ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

கருவில் தொடங்கும் உறுப்பு

மார்பகம் பெண்ணுக்கு மட்டும் உரியதாகத் தோன்றுவது பூப்புப் பருவத்திற்குப் பின்னர்தான். அதன் தொடக்கம் இருபாலாருக்கும் ஒன்றே. கருவின் ஆறாம் வார அளவில், அக்குள் முதல் தொடையிடுக்கு வரை இரு பக்கங்களிலும் தோல் தடித்து ஒரு வரை தோன்றுகிறது. இது பால்வரை எனப்படும். ஆண்பால் ஹார்மோன் செயற்படத் தொடங்குவதற்கு முன்பே இவ்வரை தோன்றிவிடுகிறது. ஆணுக்கும் காம்பு இருப்பதன் காரணம் இதுவே.

மனிதனில் இவ்வரை மார்புப் பகுதியில் மட்டும் நிலைத்து, ஏனைய இடங்களில் மறைகிறது. முழுவதும் மறையாதபோது, அக்குளிலோ மார்பகத்தின் கீழோ வயிற்றிலோ கூடுதல் காம்பு ஒன்று தோன்றுவதுண்டு. ஆண், பெண் இருவரிடத்தும் இது காணப்படும். மச்சம் என்றே பெரும்பாலும் கருதப்படும் இதனை நற்சகுனமாகவோ தீச்சகுனமாகவோ கொள்வதற்கு இடமில்லை.

பிறந்த சில நாட்களில், ஆண் குழந்தையாயினும் பெண் குழந்தையாயினும், மார்பு சற்று வீங்கிச் சில துளி பால் போன்ற நீர் கசிவதுண்டு. தாயின் ஹார்மோன்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடைந்ததன் விளைவு இது. சில வாரங்களில் தானே அடங்கிவிடும். வீட்டிலுள்ள முதியோர் சிலர் அதைப் பிதுக்கி எடுக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. பிதுக்குவதால் கிருமி புகுந்து சீழ்க்கட்டி உண்டாகலாம். பெண் குழந்தையாயின் பிற்கால வளர்ச்சிக்கும் ஊறு நேரலாம். பேறுகாலத்துக்குப் பின் வீடு செல்லும் செவிலியர், பாட்டியிடமே இதனைப் பணிவுடன் எடுத்துரைத்தல் நன்று.

பருவந்தோறும் மாறுதல்

பெண் குழந்தைக்கு ஏறத்தாழ 8 முதல் 13 வயதிற்குள் காம்பின் அடியில் பொத்தான் போன்ற கடினமான திரட்சி தோன்றுகிறது. தொட்டால் வலிக்கும். பல சமயங்களில் ஒரு பக்கத்தில் முதலில் தோன்றி, சில மாதங்கள் கழித்தே மறுபக்கம் தோன்றும். இதைக் கட்டி என்று அஞ்சிப் பெற்றோர் மருத்துவரிடம் ஓடுவதுண்டு. இது மார்பகத்தின் முளையே ஆகும். இதனை அறுத்து அகற்றினால் அப்பக்கத்தில் மார்பகம் பின்னர் வளராது. இவ்வொரு செய்தியைப் பெண்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியை அறிந்திருந்தாலே, பெருந்தீங்கு ஒன்று தவிர்க்கப்படும்.

பூப்படைந்தபின் ஈஸ்ட்ரோஜன் நாளங்களை வளர்க்கிறது. புரொஜெஸ்டிரோன் சிறுமடல்கள் உருவாகத் துணை செய்கிறது. மாதந்தோறும் விலக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்னர் மார்பகம் கனத்து, முடிச்சு முடிச்சாகத் தோன்றி வலிக்கலாம். விலக்கு வந்தபின் அது தணியும். ஆகையால் சோதனைக்கு உகந்த நாட்கள், விலக்கு தொடங்கிய ஏழாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையாகும். இரு மார்பகங்களும் சற்று அளவு வேறுபட்டிருத்தல் இயல்பே.

கருவுற்ற காலத்தில் சுரப்பித் திசு விரைந்து பெருகுகிறது. பாலூட்டுதல் நின்றபின் அது சுருங்குகிறது. மாதவிலக்கு நின்ற பின்னர்ச் சிறுமடல்கள் குறைந்து, அவ்விடத்தைக் கொழுப்பு நிரப்புகிறது. முதிய பெண்ணின் மென்மையான மார்பகத்தில் ஒரு புதுக் கட்டியைக் கைகளாலும் எக்ஸ்-கதிர்ப் படத்தாலும் கண்டறிவது எளிது. இளம் பெண்ணின் செறிந்த மார்பகத்தில் அது கடினம்.

ஆணின் மார்பகம்

ஆணின் காம்பின் அடியிலும் சில சிறு நாளங்களும் நார்த்திசுவும் கொழுப்பும் உள்ளன. சிறுமடல்கள் பொதுவாக வளர்வதில்லை. தாங்கு நார்களும் தெளிவாக அமைவதில்லை. ஆயினும் இரத்தமும் நிணநீரும் செல்லும் வழிகள் பெண்ணுக்கு உள்ளவையே.

பூப்புப் பருவத்தில் ஆண் பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காம்பின் அடியில் சிறு வீக்கம் தோன்றுகிறது. ஹார்மோன்களின் விகிதம் நிலைபெறும்வரை நிகழும் தற்காலிக மாறுதல் இது; பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் மறைந்துவிடும். இதனால் கேலிக்கு ஆளாகி, விளையாட்டு வகுப்பிற்கு வராமலும், சட்டையைக் கழற்ற அஞ்சியும் ஒதுங்கும் சிறுவர்கள் உண்டு. "இது பாதிப் பேருக்கு வருவது, போய்விடும்" என்று ஆசிரியர் கூறும் ஒரு சொல், அச்சிறுவனுக்குப் பெரிய ஆறுதலாகும். வளர்ந்த ஆடவரில் இவ்வீக்கம் புதிதாகத் தோன்றினால், ஈரல் நோய், நெடுநாள் மது, சில மருந்துகள் ஆகியவை காரணமாக இருக்கலாம்; மருத்துவர் ஆராய வேண்டும்.

மார்பகப் புற்றுநோய் கண்டோர் நூற்றுவரில் ஏறத்தாழ ஒருவர் ஆடவர். பெரும்பாலும் அறுபது வயதையொட்டியோ அதற்குப் பின்னரோ இது தோன்றுகிறது. எண்ணிக்கை சிறிது, ஆனால் ஆணின் மார்பகத் திசு மிகச் சிறிதாகையால், அதில் தோன்றும் கட்டி தோலையும் தசையையும் விரைவில் எட்டிவிடுகிறது. காம்பின் அருகே வலியில்லாத கடினமான கட்டி, புதிதாக உள்ளிழுத்த காம்பு, காம்பிலிருந்து இரத்தக் கசிவு, ஆறாத புண் ஆகியவை அதன் குறிகள். "ஆணுக்கு இந்த நோய் வராது" என்னும் நம்பிக்கையால் பலர் காலம் தாழ்த்துகின்றனர். மேலும், ஆணுக்கு இந்நோய் வருவது சில குடும்பங்களில் மரபணு மாற்றத்தைக் குறிக்கலாம். ஆகவே அவருடைய மகளிரும் உடன்பிறந்தோரும் மருத்துவ அறிவுரை பெறுவது அவசியம்.

விரல்கள் அறிய வேண்டியவை

கைச்சோதனையால் பயன் உண்டா என்னும் வினாவுக்கு இந்தியாவிலேயே நீண்ட ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய அவ்வாய்வில், 35 முதல் 64 வயதுக்குட்பட்ட 1,51,538 பெண்கள் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதார ஊழியர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கைகளால் மார்பகச் சோதனை செய்தனர். 2021-இல் முடிவுகள் வெளிவந்தன. சோதிக்கப்பட்ட பிரிவில், முற்றிய நிலையில் கண்டறியப்பட்ட நோய்களின் விகிதம் குறைவாக இருந்தது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்க்கையில் இறப்பு நூற்றுக்கு 15 அளவு குறைந்தது. ஆனால் புள்ளியியல் முறைப்படி அது உறுதியானதாகவில்லை. ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களில் மட்டும் இறப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 30 அளவு குறைந்தது. மிகையாகவும் குறைவாகவும் கூறாமல், இவ்வாறே மக்களுக்குச் சொல்ல வேண்டும். 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட செயல்முறைத் திட்டம், 30 முதல் 65 வயதுவரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இச்சோதனையை வகுத்துள்ளது.

சோதனையின் ஒவ்வொரு படியும் உடலமைப்பிலிருந்தே பிறந்தது. மறைவான இடத்தில், பெண் ஊழியரே சோதிக்க வேண்டும். முதலில் பெண்ணை அமரச் செய்து, கைகளைத் தொங்கவிட்டும், உயர்த்தியும், இடுப்பில் ஊன்றியும் பார்க்கச் சொல்லுதல் வேண்டும்; தாங்கு நார்களின் இழுப்பால் உண்டாகும் குழி அப்போது தெரியும். பின்னர்ப் படுக்கச் செய்து, அப்பக்கத்துக் கையைத் தலைக்குமேல் வைத்தால் மார்பகம் தட்டையாகப் பரவும். நடுவிலுள்ள மூன்று விரல்களின் சதைப்பகுதியால், காறையெலும்பு முதல் மார்பகத்தின் கீழ்மடிப்பு வரையிலும், அக்குளின் நடுக்கோடு முதல் மார்பெலும்பு வரையிலும், இடம் விடாமல் மேலும் கீழுமாக வரிவரியாகத் தடவ வேண்டும். ஒவ்வோரிடத்திலும் மென்மையாகவும், நடுத்தரமாகவும், ஆழமாகவும் மூன்று முறை அழுத்தினால், தோலடி முதல் தசைவரையுள்ள அடுக்குகள் யாவும் விரலுக்கு அகப்படும். இறுதியில் அக்குளையும் காறையெலும்பின் மேற்புறத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இளம் பெண்களிடம், விரலுக்குப் பிடிபடாமல் வழுக்கி ஓடும் உருண்டையான கட்டி பெரும்பாலும் தீங்கற்ற நார்க்கட்டியே. பாலூட்டும் தாயின் சிவந்த, சூடான, காய்ச்சலோடு கூடிய வீக்கம் பெரும்பாலும் அழற்சியே. அவள் பாலூட்டுவதை நிறுத்தாமல் சிகிச்சை பெறலாம். பொதுவாகவே மார்பகக் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆயினும் எது எவ்வகை என முடிவு செய்வது கள ஊழியரின் பணியன்று. கண்டறிந்து, குறித்து, மருத்துவரிடம் அனுப்பி, அவர் சென்றாரா என்று மீண்டும் கேட்பதே அப்பணி.

மக்களிடம் சொல்லுதல்

தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே தெருவில் பேசப்படும் பெங்களூர் போன்ற நகரில், மருத்துவச் சொல்லைவிட வீட்டுச் சொல்லே பயன்படும். "மார்பில் கட்டி", "அக்குளில் நெறி", "காம்பு உள்ளே போயிருக்கிறது" என்பவை பெண்கள் தாமே கூறும் சொற்கள். ஊழியரும் அச்சொற்களையே கூச்சமின்றிச் சொன்னால், எதிரிலிருப்பவரின் கூச்சமும் குறையும்.

அவர்களிடம் வலியுறுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. "வலிக்கவில்லையே, பிறகு பார்க்கலாம்" என்று பெண்கள் தள்ளிப்போடுகின்றனர். சுரப்பித் திசுவில் மெல்ல வளரும் கட்டி, தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாமை நலத்தின் அடையாளமன்று. ஆணாயினும் பெண்ணாயினும், புதிதாகத் தோன்றி மறையாத கட்டியுடன் வருபவரை அன்றே எழுதி அனுப்புதல் வேண்டும். அடுத்த முகாம் வரையில் காத்திருக்கச் சொல்லலாகாது.